வாயில் பூத்த வெள்ளை

என் மனைவியின் முகம் வட்டமாகிக்கொண்டே வந்த அந்த வருடம், எங்கள் லயத்தில் என்னைப் பாராட்டாதவர்களே இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நிற்கும்போதே, "பொண்டாட்டிய நல்லா வச்சிருக்கய்யா" என்பார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரைக்குக் கீழே சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீட்டு வரிசைக்குத்தான் லயம் என்று பெயர். நான் ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை பார்த்தேன். அவள் மலையில் கொழுந்து பறித்தாள். ஆடி மழையில் சுவரே வியர்த்துக் கொட்டுகிற இடத்தில் ஒருத்தி கன்னம் உப்பி நிற்கிறாள் என்றால், புருஷன் யோக்கியன் என்றுதானே அர்த்தம். நானும் அந்தப் பாராட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை.

உண்மையில் அந்தக் கன்னத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது பொடி செய்த வேலை.

தென்காசிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே இழுப்பு வந்துவிட்டது. மூச்சு உள்ளே போகும், வெளியே வர மறுக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். மேட்டில் ஏறும்போது அவளுக்கு முன்னால் அவள் மூச்சுச் சத்தம் ஏறிப் போகும். கூடப் பறிக்கிற பெண்கள் அதைக் கேட்டுத்தான் அவள் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடிப்பார்கள். மகள் பிறந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. வேலைக்குப் போகாத நாட்கள் கூடின. வேலை இல்லாவிட்டால் லயத்தில் வீடும் இல்லை. இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அப்போதுதான் பொடி வந்தது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதியில் ஒரு வைத்தியர் கடை விரிப்பார். கிழக்குப் பாலக்காட்டுக்காரர். நல்ல உயரம், வெள்ளைத் தலைப்பாகை, பேச்சில் சர்க்கரை. இழுப்புக்கும் மூட்டுவலிக்கும் ஒரே பொடிதான். தேனில் குழைத்துக் காலையில் ஒரு சிட்டிகை. முதல் பொட்டலம் வாங்கும்போது பத்தியம் சொன்னார். பத்தியம் என்றால் புளி, கத்தரிக்காய் என்று நினைத்தேன். அதெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாமாம்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மிணி. இந்தப் பொடியப் பத்தி எந்த டாக்டர்கிட்டயும் வாயத் தொறக்கப்படாதுங்க. ஆசுபத்திரிப் பக்கமும் போகப்படாதுங்க. சொல்லிட்டீங்கன்னா பொடி வெறும் சாம்பலுங்க. போன நோவு ரெட்டிப்பாத் திரும்பி வந்துருமுங்க."

பிறகு பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். இடுப்பில் இருந்த மகளின் தலையில் கை வைத்து அவள் செய்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறு வாரமே அவள் படுத்துத் தூங்கினாள். மல்லாந்து, கை கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, சத்தமே இல்லாமல் தூங்கினாள். மூச்சு இருக்கிறதா என்று நான் விரல் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வைத்தியரைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

எங்கள் லயத்தில் பாதிப் பேர் அந்தப் பொடியைச் சாப்பிட்டார்கள். எல்லாரும் பிள்ளை தலையிலோ பேரன் தலையிலோ கை வைத்தவர்கள். ஆகவே யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். "அது தீந்து போச்சா?" "அது இருக்கு, அடுத்த மாசம் வரை ஓடும்." இப்படித்தான் பேச்சு. அந்தச் சுவர்களுக்கு நடுவே யாராவது தும்மினால் நாலாவது வீட்டில் வாழ்த்துவார்கள். அங்கே காப்பாற்றப்பட்ட ஒரே ரகசியம் இது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

பொடி ஆரம்பித்தபின் அவள் பறித்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஓடுவாள். சரிவில் ஆடு மாதிரி ஏறுவாள். எடை போடும் ஷெட்டில் பல நாள் அவள் கூடைதான் முதலாவது. பசி என்றால் அப்படி ஒரு பசி. முகம் உருண்டது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. லயமே கண் வைத்தது. பார்த்தவர்கள் பொடிக்கு ஓடினார்கள்.

இரண்டாவது வருடம் மழை தொடங்கியபோது அவள் வாய்க்குள் வெள்ளை தெரிந்தது.

மலையில் வெற்றிலை போடாத பெண் கிடையாது. குளிருக்கு அது ஒரு சூடு. அட்டை ஏறினால் புகையிலை எச்சிலைத் துப்பினால் விழுந்துவிடும். இடுப்பில் சுண்ணாம்பு டப்பா இல்லாமல் யாரும் பிரட்டுக்கு வருவதில்லை. அதனால் நாக்கில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார். "சுண்ணாம்பு வெந்திருக்கு." அவர் முழங்கால் வலிக்கு 'அதை'ச் சாப்பிடுகிறவர். சுண்ணாம்பு அதிகமாகி வாய் வெந்து வெளுப்பது அங்கே மாதம் ஒருவருக்கு நடப்பதுதான். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் நம்பினேன். டப்பாவை அவள் இடுப்பிலிருந்து உருவி, கூரைக் கட்டையின் மேல் எட்டாத இடத்தில் வைத்தேன்.

"ஒங்களுக்கு யார்மேல கோவம், சுண்ணாம்பு மேலயா?" என்றாள்.

நெய் தடவினோம். தேங்காய்ப்பாலை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், மணத்தக்காளிச் சாறு விட்டார்கள். வாய்க்குள் எதையாவது விடாமல் யாரும் எங்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. திட்டு பெரிதானது. நாக்கில் இருந்தது அண்ணத்துக்கு ஏறியது. பிறகு தொண்டைக்குள் இறங்கியது. சோறு முள்ளாகக் குத்தியது. கஞ்சியை ஆறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக விழுங்குவாள். விழுங்கும்போது தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது, எழுந்து வெளியே போய்விடுவேன். வட்ட முகம் அப்படியே இருந்தது. கையும் காலும் மட்டும் குச்சியாயின. அவ்வளவு இருந்தும் ஒரு நாள்கூடப் பிரட்டுக்குப் பிந்தவில்லை.

சுண்ணாம்பை விட்டு இத்தனை நாளாகியும் ஆறவில்லை என்றதும் பேச்சு மாறியது. வெற்றிலை போடும் வாயில் ஆறாத வெள்ளை என்றால் என்ன என்று பெரியவர்களுக்குத் தெரியும். புற்று என்று பேரைச் சொல்லாமல் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்கள். கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டு, மழை வலுக்கும் முன்னால் அவளைக் கீழே அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அவரைச் சுவரோடு சேர்த்து அறையலாம் போல இருந்தது. நேரே வீட்டுக்கு வந்தேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவளே கேட்டாள். "ஊருக்கு அனுப்பச் சொல்லுதாகளா?"

தலையாட்டினேன்.

"அங்க போயி என்ன செய்ய? அண்ணன் திங்க வச்சுப் பாக்கவா, திங்க முடியாத வாய?" அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மறுநாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதே பத்தியத்தை மீறுவதுதான். மகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்து ஆயாவிடம் விடும்போது அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மோந்து பார்த்துவிட்டு வந்தாள். நான் பார்க்காதது மாதிரி முன்னே நடந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். கோட்டயம் பக்கத்து மலையாளி. சின்ன வயது. தமிழை இங்கே வந்துதான் கற்றிருந்தார், பாதி வார்த்தை அவர் ஊர்ச் சரக்காகவே இருக்கும். நாங்கள் போனதும் நான் முந்திக்கொண்டு சொன்னேன், சுண்ணாம்பு வெந்த புண் என்று. இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். டாக்டரம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வாய் தொறக்கு. இன்னும். ம்ம்."

விரலில் துணியைச் சுற்றி, நாக்கில் இருந்த வெள்ளையை அழுத்தித் துடைத்தார். அது வந்துவிட்டது. தயிர் ஆடை மாதிரி துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் நாக்கு சிவந்து, லேசாக ரத்தம் கசிந்தது. துணியை என் முன்னால் நீட்டினார்.

"நோக்கு. துடைச்சா வருது. நீ பயந்த சாதனம் இப்படி வராது. சுண்ணாம்புப் புண்ணும் இது இல்லா."

எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி அழவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது என்ன?" என்றாள்.

டாக்டரம்மாவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் அவர் மருந்து எழுதவில்லை. துணியில் இருந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, மலேரியா பார்க்க வைத்திருந்த நுண்ணோக்கியில் வைத்து, தான் பார்த்தபின் என் மனைவியைப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"கொடி கொடியா ஓடுது," என்றாள். "நடுநடுவுல மொட்டு மாதிரி உருண்டை உருண்டையா இருக்கு."

"பூப்பல். உங்க தமிழ்ல பூசணம். ஈரச் செருப்பில் பூக்குமே, அந்தச் சாதிதான். ஆனா இது வெளியே இருந்து வந்தது இல்லா. உன் வாயில் எப்பவும் உண்டு. என் வாயில் உண்டு, இவர் வாயிலும் உண்டு. உடம்புக்குள்ள காவல் நல்லா நின்னா இது மிண்டாம, பேசாம கிடக்கும். காவல் குறைஞ்சா, சமயம் பார்த்து ஏறும்." பேனாவை மேஜையில் வைத்தார். "பிஞ்சுக் குழந்தைக்கு வரும், சர்க்கரை நோய்க்காரனுக்கு வரும். உனக்குச் சர்க்கரையும் பார்க்கணும். இந்த வயசில், மலை ஏறுற பெண்ணுக்குத் தொண்டைவரைக்கும் வந்திருக்கு. உன் காவலை யாரோ குறைச்சிருக்கு. வேற மருந்து வல்லதும், ஏதாவது, சாப்பிடுறதுண்டா?"

டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார். அந்த வட்டக் கன்னத்தையும், கழுத்துக்குப் பின்னால் திரண்டிருந்த சதையையும் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார், மெதுவாக. சத்தியம் செய்தவள் அவள். கை வைத்தது எங்கள் மகள் தலையில். அந்தப் பொடி போனால் திரும்பி வரப்போகிற மூச்சுத் திணறலும் அவளுடையதுதான். அவளைத் தாண்டிப் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவள் சொல்ல மாட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் மடியை அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் முடிந்த பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுதாம்மா. ரெண்டு வருசமாச் சாப்புடுதேன். இழுப்புக்கு. சொல்லக் கூடாதுன்னு எம்பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். சொல்லிட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லணும்."

எத்தனையோ பேருடைய தைரியத்தைப் பார்த்திருக்கிறேன். கரடி வந்தபோது செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றவனைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை, அன்றைக்கு அந்த மஞ்சள் துணியை அவள் மேஜைமேல் வைத்ததைப் பார்த்த பிறகு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் வராது. அம்மை உயிரோட இருக்கணும்னு பிள்ளையும்தானே ஆசைப்படும்," என்றார்.

பொடியை விரலில் தொட்டு நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். சுக்கும் திப்பிலியும் மேலுக்குத்தான், உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துப் போட்டிருக்க வேண்டும் என்றார். நல்ல மருந்துதானாம். மூச்சைத் திறந்துவிடும், வலியை அடக்கும். அளவு தெரியாமல் நாள் கணக்கில்லாமல் சாப்பிட்டால் உடம்பின் காவலையும் சேர்த்து அடக்கிவிடுமாம். முகம் உப்புவதும் அதனால்தான் என்றார். என் யோக்கியதை அங்கேயே காற்றில் போயிற்று.

என் மனைவி யோசித்துக்கொண்டே சொன்னாள். "கவ்வாத்து வெட்டுன காட்டுல களை ஏறுமே, அந்த மாதிரி."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். தேயிலைச் செடிகள் நெருங்கி மூடி நிற்கும்வரை அடியில் வெயில் படாது, களையும் தலைகாட்டாது. சில வருடத்துக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவோம், அதுதான் கவ்வாத்து. வெட்டிய மறு மழையில் காடு முழுக்கக் களை எழும்பும். எங்கிருந்தும் வந்ததில்லை, அங்கேயே விதையாகக் கிடந்ததுதான்.

"அது தன்னே," என்றார் டாக்டரம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப உனக்கே தெரியும். களையைப் பறிக்கிறது முதல் வேலை. செடி தழைச்சு மூடுறது ரெண்டாவது வேலை. ரெண்டும் செய்யணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் இருந்த பொட்டலத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறியப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எறிஞ்சா இவள் செத்துப்போகும். ரெண்டு வருஷமா வெளியே இருந்து கிடைச்சதால, உடம்பு சொந்தமா அதை உண்டாக்குறதையே மறந்துபோச்சு. பொடுக்குன்னு நிறுத்தினா மயங்கி விழும். அதே மருந்தை நான் அளந்து தரும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, படி இறங்குற மாதிரி இறக்கணும். மூச்சுக்கு வேற மாத்திரை தரும். அது இந்த அளவு சுகம் தராது. ஏறும்போது இழுக்கும். சகிக்கணும்."

"சகிச்சுக்கிடுவேன்," என்றாள். மல்லாந்து தூங்கிய அந்த இரவுகளை நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

களைக்கு இரண்டு மருந்து. ஒன்று கோட்டயத்திலிருந்து தருவித்துக் கொடுத்த மஞ்சள் கரைசல். வாயில் வெகுநேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல விழுங்க வேண்டும், தொண்டைக்குள் இருப்பதற்கு. இன்னொன்று ஊதா மருந்து. பஞ்சில் தொட்டு நாக்கு, அண்ணம், கன்னத்து உட்புறம் எல்லாம் பூச வேண்டும். பூசியது நான்தான். அவள் உதட்டிலும் மோவாயிலும் என் விரல்களிலும் ஊதா ஏறி, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. நாங்கள் இருவரும் நாவல் மரத்தடியிலேயே குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

அந்த வாயோடு அவள் பிரட்டுக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன், முந்தானையால் மூடிக்கொள்ளவாவது சொன்னேன். "நான் என்ன களவாண்டேனா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். லயத்துப் பிள்ளைகள் அவளைக் கண்டால் நாக்கை நீட்டச் சொல்லிக் கேட்டன. அவளும் நின்று நிதானமாக நீட்டிக் காட்டினாள். ஒரு வாரத்தில் கஞ்சி இறங்கியது. பிறகு குழைந்த சோறு இறங்கியது. தோளைத் தூக்காமல் அவள் முதல் கவளத்தை விழுங்கியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக வேண்டியிருக்கவில்லை.

நடுவே மகளுக்குச் சளி பிடித்தது, லேசாக மேல் சுட்டது. எனக்கு அந்தச் சத்தியம்தான் ஞாபகம் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் பிள்ளையின் தலையையே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆடி மாசத்துல சளி புடிக்காத பிள்ள இந்த மலையில எங்க இருக்கு? போயி வெந்நி வைங்க."

இரண்டு நாளில் பிள்ளை எழுந்து ஓடியது.

ஆனால் அவள் சொன்னது லயம் முழுக்கப் பரவிவிட்டது. சத்தியத்தை மீறிவிட்டாள் என்று சிலர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு மாதிரி பயந்துபோனார். பொடி விஷம் என்று எங்கோ கேட்டு, பொட்டலத்தை அடுப்பில் போட்டுவிட்டார். இரண்டு மூன்று நாளில், முற்றத்தில் நின்றவர் அப்படியே சரிந்தார். கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, பிழைக்க வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு என் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாதியச் சொல்லிட்டு மீதியச் சொல்லாம விட்டிருக்கேன்," என்றாள்.

சம்பளம் போட்ட ஞாயிறு வந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். உள்ளதைச் சொன்னால், அந்த வைத்தியரின் தலைப்பாகையை அவிழ்த்து அவர் கழுத்திலேயே மாட்டிவிடும் எண்ணத்தில்தான் போனேன்.

அவள் சண்டை போடவில்லை. வைத்தியர் விரித்திருந்த சாக்குக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். வாங்க வந்தவர்களெல்லாம் தெரிந்த முகங்கள். ஒவ்வொருவராக வரும்போது வாயைத் திறந்து காட்டினாள். ஊதா நாக்கு, ஊதா அண்ணம். பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"எனக்கு இப்படி ஆச்சு. தொண்ட அடைச்சுப் போச்சு. ஒங்களுக்கும் வாய்ல வெள்ள இருந்தா சுண்ணாம்புன்னு இருந்துராதீக. பொடிய இன்னைக்கே நிறுத்திராதீக, வச்சிருக்கதத் தின்னுக்கிட்டே இருங்க. ஆனா நாளைக்குப் பொட்டலத்தோட டாக்டரம்மாட்ட வாங்க. அவுக திட்ட மாட்டாக. எம்பிள்ள தலையில அடிச்ச சத்தியத்தத்தான் நான் மீறுனேன். இந்தா நிக்கா எம்பிள்ள, பாத்துக்கிடுங்க."

மகள் தன் பங்குக்கு எல்லாருக்கும் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

வைத்தியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்காதே என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சிலர் வாங்கிக்கொண்டும் போனார்கள். கூட்டம் குறைந்ததும் அவர் சாக்கைச் சுருட்டினார். நான் கையை முறுக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. என் மனைவியின் முன்னால் வந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். உள்ளே வெள்ளை.

"நம்மளுக்கும் கொஞ்ச நாளா எரிச்சலுங்க அம்மிணி. முட்டி வலிக்கு நானும் இதத்தானுங்க திங்கறேன். டின்னுல ஒருத்தரு குடுத்து வுடறாரு, நான் சுக்குப் போட்டுக் கலக்கறதோட சரிங்க. சுண்ணாம்பு வெந்துருச்சுன்னு இருந்துட்டனுங்க."

அப்போதுதான் நான் அவருடைய கன்னத்தைச் சரியாகப் பார்த்தேன். அதுவும் வட்டம்தான்.

நான் என்றால் சிரித்திருப்பேன், இல்லாவிட்டால் அடித்திருப்பேன். இரண்டுக்கும் நியாயம் இருந்தது. அவள் கிட்டே போய், அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, டாக்டரம்மா பார்த்த மாதிரியே உள்ளே பார்த்தாள்.

"சுண்ணாம்பு இல்ல வைத்தியரே. இது வேற. நாளைக்கு நீங்களும் வாங்க. டின்னையும் எடுத்துக்கிட்டு வாங்க. பயமாருந்தா நான் கூட வாரேன்."

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மஞ்சள் துணிப் பொட்டலங்களோடு வரிசை நின்றது. கடைசியில் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வைத்தியர் நின்றார். திட்ட மாட்டார் என்று என் மனைவி கொடுத்த வாக்கை டாக்டரம்மா அவர் ஒருவர் விஷயத்தில் மட்டும் காப்பாற்றவில்லை. வைத்தியர் மலையாளத்தில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவருக்கும் வாயைத் துடைத்துப் பார்த்து ஊதா பூசினார்கள். வந்தவர்களிடமெல்லாம் டாக்டரம்மா கவ்வாத்தையும் களையையும் சொல்லித்தான் விளக்கினார். சொல்லிவிட்டு வாசலில் நின்ற என் மனைவியைப் பார்ப்பார். அவளும் மகளுக்குப் பின்னல் போடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எல்லாரும் வரவில்லை. சிலர் வேறு சந்தையில் வேறு பொடி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் ஊதா நாக்குகள் அதிகம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவள்மேல் பெருமையாக இருக்கிறது. அன்றைக்கு அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. சுண்ணாம்பு டப்பாவைக் கூரைக் கட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதுதான் நான் சொன்னது. வெற்றிலையை விடச் சொல்லி டாக்டரம்மா ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். அவள் டப்பாவை வாங்கி, துடைத்து, மகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டாள்.

படி இறங்குவது லேசாக இருக்கவில்லை. மாத்திரை பாதியாகும் ஒவ்வொரு தடவையும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கும், மூச்சு திரும்பவும் இழுக்கும். சுவரில் சாய்ந்து தூங்கும் பழக்கம் திரும்பி வந்தது. அந்த நாட்களில் பழைய பொடியில் ஒரு சிட்டிகை கேட்டிருந்தால் நான் எங்கேயாவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருப்பேன். அவள் கேட்கவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கல்யாணத்தன்று பார்த்த கூரான மோவாய் மறுபடி தெரிந்தது. லயத்தில் என்னை இப்போது யாரும் பாராட்டவில்லை. பெண்டாட்டிக்குச் சோறு போடுகிறானா இல்லையா என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசித் துண்டு மாத்திரையும் முடிந்த மறுநாள், மழை விட்டு வெயில் அடித்தது. அவளுக்கு மேல்மலையில் வேலை. செங்குத்தான காடு அது. நான் ஃபேக்டரி மாடியில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். அங்கிருந்து ஆட்கள் புள்ளிகளாகத்தான் தெரிவார்கள். ஒரு புள்ளி மட்டும் அடிக்கடி நின்று, பிறகு ஏறியது. மற்றவை அதைத் தாண்டிப் போய்விட்டன. அது நின்று நின்று ஏறிக்கொண்டே இருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் நான் குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் எடை ஷெட்டுக்கு வந்து காத்திருந்தேன். அவள் கூடை தராசில் ஏறியது. கங்காணி தராசைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ள, முன்ன மாதிரி இல்லையே, பாதிகூடத் தேறாது போலிருக்கே," என்றார். அவள் கொழுந்தைக் கொட்டிவிட்டு வந்தாள். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள். ஏற்றம் வந்த இடத்தில் மூச்சு லேசாக விசிலடித்தது. நின்றாள், நானும் நின்றேன். அவர் சொன்னது அவளுக்கு உறைத்திருக்குமோ என்று நினைத்து, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மூச்சை உள்ளே இழுத்து, நிதானமாக வெளியே விட்டாள்.

"கொறஞ்சாக் கொறயட்டும். போன வருசம் அவ்வளவும் அந்தப் பொடி பறிச்சுது. இது நான் என் மூச்சுல பறிச்சது."